லயத்து வாசலில் ஒரு வருட வானம்

எமது தோட்டங்களில் பெண்கள் வானத்தைப் பார்ப்பது இரண்டே காரணங்களுக்காகத்தான். ஒன்று, மலைக்குப் போகும்போது மழை வருமா என்று பார்க்க. மற்றது, காயப்போட்ட துணியை எப்போது எடுக்கலாம் என்று பார்க்க. இரவு வானத்தைப் பார்க்க எமக்கு நேரமும் இல்லை, அனுமதியும் இல்லை. இருட்டிய பின் வாசலில் நிற்கும் பெண்ணை நான்கு பேர் நான்கு விதமாகப் பேசுவார்கள்.

நானும் அப்படித்தான் இருந்தேன். ஹட்டனிலிருந்து மஸ்கெலியா போகும் பாதையை விட்டு ஒதுங்கிய ஒரு தோட்டத்தில், பிள்ளைப் பராமரிப்பு நிலையத்தில் வேலை செய்கிறேன். கணவர் கொழும்பில் கடையில் இருக்கிறார். வீட்டில் என் அம்மாவும், தரம் பத்தில் படிக்கும் மகளும், நானும்.

2025 ஜனவரியில் ஒரு மாலை, மேற்குப் பக்க மேட்டுக்கு மேலே விளக்குப் போல ஒன்று பளிச்சென்று நின்றது. மகள் பாடப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு, “அம்மாயி, அது வெள்ளியாம். நட்சத்திரம் இல்ல, கோளாம்” என்றாள்.

அம்மா நாற்பது வருடம் கொழுந்து பறித்தவர். வீட்டில் மணிக்கூடு இல்லாத காலத்தில் விடிவெள்ளியைப் பார்த்து எழுந்து, ரொட்டி சுட்டு வைத்துவிட்டுப் பெரட்டுக்குப் போனவர். “போடி! விடிவெள்ளிய எனக்கு நீ சொல்லித் தாரியா? அது விடியக் காலையில கெழக்கால வாறது. சாயங்காலம் மேக்கால நிக்குறது வேற” என்றார்.

பாட்டிக்கும் பேத்திக்கும் தீராத வழக்காகிவிட்டது. யார் சொல்வது சரி என்று பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும் என்றேன். அந்த ஒரு வார்த்தையால் ஒரு வருடம் வானத்தைப் பார்த்தோம்.

தினமும் பத்து நிமிடம்

நாங்கள் வைத்துக்கொண்ட ஒழுங்கு சின்னது. மாலை ஏழரை மணிக்கு, உலையில் சோறு கொதிக்கும் நேரத்தில், பத்து நிமிடம் வாசலில் நிற்பது. எனது பழைய கையடக்கத் தொலைபேசியைத் துணி துவைக்கும் கல்லின் மேல் ஒரே இடத்தில் வைத்து, மேற்கு மேட்டையும் அதன் மேலுள்ள வானத்தையும் ஒரு படம் எடுப்பது. மகள் கொப்பியில் திகதியையும் கண்டதையும் எழுதுவாள்.

தொடங்கிய மாதம் நல்ல மாதம். ஜனவரி, பெப்ரவரியில் மலையகத்து இரவுகள் தெளிவானவை. மேற்கில் வெள்ளியும் சனியும், உச்சிக்கு அருகே வியாழன், கிழக்கில் செவ்வாய் என நான்கு கோள்கள் ஒரே மாலையில் வெறும் கண்ணுக்குத் தெரிந்தன. அதோடு, ஒரே வரிசையில் மூன்று நட்சத்திரங்கள் உள்ள ஓரியன் கூட்டம். அதன் ஓரத்தில் சிவப்பாக மின்னுவதுதான் எமது திருவாதிரை நட்சத்திரம்.

இந்தத் தெளிவுக்கு ஒரு விலையும் உண்டு என்பதை அம்மா சொன்னார். “வானம் இப்பிடி தொடச்சி வச்ச மாதிரி இருந்தா நாளைக்கிப் பனி விழும், கொழுந்து கருகும்.” அது உண்மைதான். முகில் பூமிக்குப் போர்வை மாதிரி. போர்வை இல்லாத, காற்றும் இல்லாத இரவில் நிலத்தின் சூடு மேலே போய்விடுகிறது. நுவரெலியாப் பக்கம் உறைபனி விழுந்து தேயிலைத் தளிர் கருகுவது அந்த மாதங்களில்தான்.

“பொம்பளப் புள்ளைய ராவுல நிறுத்துற”

இரண்டு வாரம் போவதற்குள் பேச்சு வந்தது. “வயசுக்கு வந்த புள்ளைய ராவுல வெளிய நிறுத்துறியே” என்று பக்கத்து வீட்டு மாமி கேட்டார். அவர் கேட்டதில் நியாயம் இல்லாமலும் இல்லை. எங்கள் பக்கம் சிறுத்தை நடமாட்டம் உண்டு. குடித்துவிட்டு வருபவர்கள் உண்டு. லயத்துக் கோடியில் இருக்கும் கழிப்பறைக்குப் போகவே பெண்கள் துணை தேடுகிறார்கள்.

ஆகவே சில விதிகளை வைத்தோம். தனியாக நிற்பதில்லை, குறைந்தது மூன்று பேர். லயத்து வாசலைத் தாண்டுவதில்லை. கையில் டோர்ச் இருக்க வேண்டும். பார்க்கும்போது மட்டும் அதை அணைக்கலாம். இருட்டுக்குக் கண் பழக இருபது நிமிடமாவது வேண்டும் என்பதால், முடிந்தபோது நேரத்தோடு வெளியே வந்தோம்.

மார்ச் மாதத்தில் எங்களோடு ஏழெட்டுப் பெண்கள் நின்றார்கள். நாங்கள் நின்ற நேரத்தில் கழிப்பறைப் பக்கம் போகும் பிள்ளைகளுக்குப் பயம் குறைந்தது. பிறகு எல்லோரும் சேர்ந்து அந்தப் பாதைக்கு ஒரு மின்விளக்குக் கேட்டு வாங்கினோம். அதற்கு மேலே தகரத்தில் ஒரு மூடி செய்து, வெளிச்சம் கீழே மட்டும் விழும்படி வைத்தோம். பாதையில் வெளிச்சம் கூடியது, வானமும் கெடவில்லை. நட்சத்திரம் பார்க்க விளக்கு இருக்கக் கூடாது என்பதில்லை. விளக்கு வானத்தைப் பார்க்காமல் நிலத்தைப் பார்த்தால் போதும்.

வழக்குத் தீர்ந்த நாள்

மார்ச் தொடக்கத்தில் வெள்ளி நாளுக்கு நாள் தாழ்ந்து வந்தது. மாத நடுவில் மேட்டுக்குப் பின்னால் போய்விட்டது. “செத்துப்போச்சு” என்றார்கள் சின்னப் பிள்ளைகள். ஏப்ரல் நடுவில், சித்திரைப் புத்தாண்டுக்குப் பிறகு ஒரு விடியற்காலை அம்மாதான் எங்களை எழுப்பினார். கிழக்கில், தேயிலை மேட்டின் விளிம்பில் விடிவெள்ளி நின்றது. மகள் மாலைப் படத்தையும் காலைப் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினாள்.

மார்ச் 23ஆம் திகதியளவில் வெள்ளி பூமிக்கும் சூரியனுக்கும் நடுவே கடந்து மறுபக்கம் போயிருந்தது. அது சூரியனைச் சுற்றும் பாதை பூமியின் பாதைக்கு உள்ளே இருப்பதால், சூரியனை விட்டு வெகு தூரம் விலகித் தெரிவதில்லை. சூரியன் மறைந்த பின் அல்லது உதிக்கும் முன் ஏறக்குறைய மூன்று மணித்தியாலந்தான் தெரியும். மாலையிலும் காலையிலும் வருவது ஒன்றேதான். இந்தச் சுற்று முடிந்து மறுபடி தொடங்க 584 நாட்கள் ஆகின்றன.

அம்மா நீண்ட நேரம் பேசவில்லை. பிறகு, “அப்ப நாப்பது வருஷமா நான் பாதியத்தான் பாத்திருக்கேன். சாயங்காலம் தலையில கொழுந்து மூட்டை இருக்கும், எங்க நிமிந்து பாக்க?” என்றார். அந்தப் பேச்சு என் மனதை என்னவோ செய்தது. அறிவில்லாமல் அல்ல, நிமிர்ந்து பார்க்க நேரமில்லாமல்தான் எமது பெண்களுக்கு எத்தனையோ விடயங்கள் பாதியாகவே தெரிந்திருக்கின்றன.

அருந்ததியைக் கண்டோம்

ஏப்ரல் கடைசியில் ஒரு நாள் இரவு பத்து மணி வரை இருந்தோம். வடக்கே சப்தரிஷி மண்டலம், தெற்கே தென் சிலுவை. இரண்டும் எதிர் எதிரே நின்றன. நாங்கள் இருப்பது பூமத்திய ரேகைக்கு வடக்கே சுமார் 7 பாகையில். அதனால் வருடம் முழுவதும் பார்த்தால் வானத்தின் ஏறக்குறைய எல்லா நட்சத்திரங்களையும் கண்டுவிடலாம். லண்டனில் இருப்பவருக்குத் தென் சிலுவை ஒருநாளும் தெரியாது. சிட்னியில் இருப்பவருக்குத் துருவ நட்சத்திரம் தெரியாது. எங்களுக்குத் துருவ நட்சத்திரம் அடிவானத்தில் மிகத் தாழ்வாக இருக்கிறது. எங்கள் லயத்தில் அது மலைக்குப் பின்னால்.

சப்தரிஷியின் வால் பகுதியில், கடைசியிலிருந்து இரண்டாவது நட்சத்திரம் வசிட்டர். அதற்கு ஒட்டினாற்போல மங்கலாகத் தெரிவது அருந்ததி. “எனக்குக் கல்யாணத்தன்னிக்கி அம்மி மிதிக்க வச்சி அருந்ததி பாருன்னாங்க. பட்டப் பகல்ல எங்க தெரியும்? நானும் தெரியுதுன்னு தலைய ஆட்டினேன்” என்றார் பக்கத்து வீட்டு மாமி. எல்லோரும் சிரித்தோம். அன்று இரவு, கல்யாணமாகி முப்பது வருடத்துக்குப் பிறகு, அவர் அருந்ததியைக் கண்டார்.

வெறும் முகில் படங்கள்

மே மாதத்தோடு தென்மேல் பருவமழை தொடங்கியது. ஹட்டன், மஸ்கெலியாப் பக்கத்தாருக்கு அந்த மழையைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. ஜூன், ஜூலையில் கொப்பி முழுக்க “முகில், மழை, முகில்” என்றே இருந்தது. படத்தில் மேட்டின் கறுப்பு விளிம்பும், அதன் மேல் நிற்கும் நிழல் மரங்களும் மட்டுமே விழுந்தன. “இதெல்லாம் அழிச்சிடவா?” என்று மகள் கேட்டாள். தொலைபேசியில் இடமும் இல்லை.

வேண்டாம் என்றேன். தமிழ்நாட்டில், எங்களைப் போலவே மலை மேல் இருக்கும் கொடைக்கானல் வானாய்வகத்தில் 1904 முதல் சூரியனை நாள்தோறும் படம் எடுத்து வருகிறார்கள் என்று வாசித்திருந்தேன். ஒரே சூரியனை எதற்குத் தினமும் எடுக்க வேண்டும்? ஒரு படம் பெரிதாக எதையும் சொல்லாது. நூறு வருடப் படங்களை வரிசையாக வைத்தால்தான் சூரியனில் என்ன மாறியது என்று தெரியும். ஒரே இடத்திலிருந்து, ஒரே பக்கத்தை, விடாமல் எடுப்பதில்தான் பயன் இருக்கிறது. படங்களை அழிக்காமல் வைத்தோம்.

ஓகஸ்ட் 12ஆம் திகதி விடியலில் மட்டும் முகில் சற்று விலகியது. வெள்ளியும் வியாழனும் ஒட்டி நின்ற காட்சியை மூன்று நிமிடம் கண்டோம்.

ஒரு பணிப்பெண்ணின் கதை

மழை இரவுகளில் உள்ளே இருந்து வாசித்துக் கதைத்தோம். அப்போது பிள்ளைகளுக்குச் சொன்ன கதையை இங்கே உங்களுக்கும் சொல்ல வேண்டும்.

எமது தோட்டங்களுக்கு ஸ்கொட்லாந்திலிருந்து துரைமார் வந்த அதே காலத்தில், 1857இல் அந்த நாட்டின் டண்டீ நகரில் பிறந்தவர் வில்லியமினா ஃபிளெமிங். கணவரோடு அமெரிக்கா போனார். அங்கே கர்ப்பிணியாக இருக்கும்போது கணவர் கைவிட்டுவிட்டார். பிழைப்புக்காக ஒரு வீட்டில் பணிப்பெண்ணாகச் சேர்ந்தார். அந்த வீட்டுக்காரர் ஹாவர்ட் வானாய்வகத்தின் பணிப்பாளர் எட்வர்ட் பிக்கரிங். அவரது திறமையைக் கண்டு, வானாய்வகத்தில் கணக்கு வேலை கொடுத்தார்.

அங்கே இரவில் தொலைகாட்டியில் படம் எடுப்பது ஆண்கள். பகலில் அந்தக் கண்ணாடித் தட்டுப் படங்களை ஆராய்வது குறைந்த கூலிக்குச் சேர்த்த பெண்கள். ஃபிளெமிங் பத்தாயிரத்துக்கும் அதிகமான நட்சத்திரங்களை வகைப்படுத்தினார். 1888இல் ஒரு படத்தில், ஓரியனின் மூன்று நட்சத்திர வரிசைக்கு அருகே குதிரைத் தலை வடிவில் ஓர் இருண்ட முகிலைக் கண்டார். முதலில் வந்த பட்டியலில் அந்தப் புகழ் பிக்கரிங் பெயருக்கே போனது. இன்று அதைக் கண்டவர் ஃபிளெமிங் என்பதை உலகம் ஏற்றுக்கொண்டுள்ளது.

கொழும்பில் வீட்டு வேலைக்குப் போன பெண் இல்லாத லயம் எமது மலையகத்தில் உண்டா? அன்று கதை கேட்டவர்களில் அப்படிப் போய்த் திரும்பிய ஒரு பெண்ணும் இருந்தாள். “அந்த அம்மாவும் பாத்திரம் கழுவினவங்களா அக்கா?” என்று இரண்டு தரம் கேட்டாள். அதற்குப் பிறகு ஒருநாளும் அவள் வாசலுக்கு வராமல் இருந்ததில்லை.

கிரகண இரவு

செப்டெம்பர் 7, ஞாயிற்றுக்கிழமை, போயா தினம். அன்று முழுச் சந்திர கிரகணம். எங்கள் வரிசையில் மாமியின் மருமகள் ஐந்து மாதக் கர்ப்பிணி. கிரகணம் முடியும்வரை கர்ப்பிணி வெளியே வரக் கூடாது, சாப்பிடக் கூடாது, கத்தியைத் தொடக் கூடாது என்பது காலங்காலமாக வந்த பேச்சு.

நான் சண்டை பிடிக்கவில்லை. கிளினிக்குக்கு வந்த குடும்ப நல உத்தியோகத்தரிடம் கேட்கச் சொன்னேன். அவர் தெளிவாகச் சொன்னார்: சந்திர கிரகணம் என்பது சந்திரன் மேல் பூமியின் நிழல் விழுவது. நிழலால் வயிற்றுப் பிள்ளைக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் கர்ப்பிணி மணிக்கணக்கில் பட்டினி கிடப்பதும் தண்ணீர் குடிக்காமல் இருப்பதும் நல்லதல்ல. கண்ணுக்குக் கெடுதி செய்வது சூரிய கிரகணத்தை வெறும் கண்ணால் பார்ப்பதுதான். அது எல்லோருக்கும் பொருந்தும்.

இரவு பத்து மணிக்குச் சற்று முன் சந்திரனின் விளிம்பில் கறுப்பு விழுந்தது. பதினொரு மணிக்கு முழுவதும் நிழலுக்குள் போய், செம்பு நிறமாக மாறியது. பூமியின் விளிம்பைச் சுற்றியுள்ள காற்று, சூரிய ஒளியில் சிவப்பை மட்டும் வளைத்து அங்கே அனுப்புகிறது. அந்த நேரத்தில் உலகில் எங்கெங்கு விடிகிறதோ, எங்கெங்கு பொழுது சாய்கிறதோ, அந்தச் சிவப்பெல்லாம் சேர்ந்து சந்திரனில் விழுகிறது. முகில் வந்து வந்து மறைத்தது. இடையிடையே திறந்தது.

பதினொன்றரைக்கு மாமி தனியாக வந்து பார்த்தார். ஒன்றும் பேசாமல் உள்ளே போனார். திரும்பி வரும்போது மருமகளின் கையைப் பிடித்துக்கொண்டு வந்தார். “ஒரு நிமிஷம் பாத்துட்டுப் போ தாயி. இனி எப்ப பாக்கப் போற” என்றார். அந்தப் பெண் பார்த்துவிட்டுப் போய், சோறு சாப்பிட்டுவிட்டுப் படுத்தாள். அன்று எடுத்த நாற்பது படத்தில் ஒன்றுதான் ஆடாமல் விழுந்தது. அதில் சிவப்புச் சந்திரனைவிட, அண்ணாந்து பார்க்கும் அந்த இரண்டு தலைகள்தான் எனக்குப் பெரிது.

மேடு சாய்ந்தபோது

ஒக்டோபரில் லெமன் என்ற வால்வெள்ளி வந்தது. தீபாவளியை ஒட்டிய இருட்டு இரவுகளில் தேடினோம். மாலை மழையும் முகிலும் விடவில்லை. நாங்கள் அதைக் காணவில்லை.

நவம்பர் கடைசியில் வந்தது ‘டித்வா’ சூறாவளி. 28ஆம் திகதி அது இலங்கையைக் கடந்தபோது மலையகத்தில் எத்தனையோ இடங்களில் மண் சரிந்தது. நாடு முழுவதும் அறுநூறுக்கும் அதிகமானோர் உயிரிழந்தனர். கண்டி, பதுளை, நுவரெலியா மாவட்டங்கள் பட்ட துயரம் நாம் எல்லோரும் அறிந்தது.

எங்கள் லயத்தில் மின்சாரம் போனது. மேற்கு மேட்டின் அடியில் சேற்று நீர் ஊறத் தொடங்கியது. சிலர் போவோம் என்றார்கள். சிலர், “எத்தன மழையப் பாத்திட்டோம்” என்றார்கள். மகள் தொலைபேசியை எடுத்து, துணி துவைக்கும் கல்லின் மேல் அதே இடத்தில் வைத்து மேட்டைப் படம் எடுத்தாள். ஜூன் மாதத்து முகில் படத்தைப் பக்கத்தில் வைத்தாள். ஜூனில் நேராக நின்ற நிழல் மரங்களில் மூன்று, இப்போது கீழ்ப்பக்கம் சாய்ந்திருந்தன.

வெறும் வார்த்தையை நம்பாதவர்கள் படத்தை நம்பினார்கள். அன்று பகலே எல்லாக் குடும்பங்களும் பாடசாலைக் கட்டடத்துக்குப் போனோம். மறுநாள் இரவு மேட்டின் ஒரு பகுதி இறங்கி, கடைசி இரண்டு காம்பராக்களின் பின்சுவரைத் தள்ளியது. உள்ளே ஆள் இல்லை. மரம் சாய்தல், நிலத்தில் வெடிப்பு, திடீரென்று சேற்று நீர் ஊறுதல் ஆகியவை மண்சரிவுக்கு முன் தெரியும் அடையாளங்கள். இவற்றைக் கண்டால் படம் வேண்டும் என்று காத்திருக்க வேண்டாம், உடனே வெளியேறுங்கள்.

டிசம்பர் 14ஆம் திகதி அதிகாலை, பாடசாலை மைதானத்தில் படங்கை விரித்து ஜெமினிட் எரிகற்களைப் பார்த்தோம். மிதுனக் கூட்டத்தின் பக்கமிருந்து ஒன்றன் பின் ஒன்றாகக் கோடு இழுத்தன. ஒரு மணித்தியாலத்தில் மகள் முப்பத்தொன்று எண்ணினாள். இரண்டு வாரம் கழித்துப் பிள்ளைகள் சத்தம் போட்டுச் சிரித்ததை அன்றுதான் கேட்டேன்.

நீங்களும் தொடங்கலாம்

சகோதரிகளே, இதற்குப் பெரிய செலவு இல்லை. தொலைபேசியை ஒரு கல்லில் அல்லது அரிசிப் பையில் ஆடாமல் நிறுத்துங்கள். பனி படிந்த கண்ணாடியைத் துடையுங்கள். இரவுப் பட முறை இருந்தால் அதையும், கையால் மாற்றும் வசதி இருந்தால் ஐஎஸ்ஓ 1600, நேரம் 15 செக்கன் என்றும் வையுங்கள். பொத்தானைத் தொடும் ஆட்டம் படத்தைக் கெடுக்காமல் இருக்க, 3 செக்கன் தாமதம் வையுங்கள். சந்திரனை எடுக்கும்போது வெளிச்சத்தைக் குறையுங்கள். நட்சத்திரங்கள் தினமும் ஏறக்குறைய 4 நிமிடம் முந்தி வரும். மாதத்துக்கு இரண்டு மணித்தியாலம். ஒரே நேரத்தில் பார்த்து வந்தால் ஒரு வருடத்தில் முழு வானமும் உங்கள் வாசலைக் கடந்து போகும்.

கொழும்பிலுள்ள கோள்மண்டலம் 1965இல் கட்டப்பட்டது. மொரட்டுவை, கட்டுபெத்தையிலுள்ள ஆதர் சி. கிளார்க் நவீன தொழில்நுட்ப நிறுவகத்தில் ஜப்பான் 1996இல் வழங்கிய 45 சென்ரிமீற்றர் தொலைகாட்டி இருக்கிறது. சுற்றுலா போகும் பாடசாலைகள் மிருகக்காட்சிச்சாலையோடு இவற்றையும் கேட்டுப் பார்க்கலாம். எமது நாட்டில் தொடக்கம் முதல் முடிவு வரை காணக்கூடிய அடுத்த முழுச் சந்திர கிரகணம் 2028 டிசம்பர் 31 இரவு. அன்று உங்கள் வீட்டுக் கர்ப்பிணியையும் பட்டினி போடாமல் வெளியே கூட்டி வாருங்கள்.

இப்போது நாங்கள் வேறு லயத்தில் இருக்கிறோம். துணி துவைக்கும் கல்லும் வேறு. முதல் நாள் இரவே அம்மா முற்றத்துக்கு வந்து நின்றார். “எந்தப் பக்கம்டி மேற்கு?” என்று பேத்தியைக் கேட்டார். அவள் கைகாட்டினாள். மகள் புதிய கொப்பியில் திகதியை எழுதினாள்.